பிரஷர் மாத்திரை ‘ப்ரில்’ என்று முடிகிறதா, ‘சார்ட்டன்’ என்று முடிகிறதா?

அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. பகலில் பேச்சுக்கு நடுவே இரண்டு இருமல், அவ்வளவுதான். ராத்திரி படுத்ததும்தான் அது ஆளை எழுப்பி உட்கார வைக்கும். தொண்டைக்குழியில் யாரோ இறகால் வருடுவது மாதிரி இருக்கிறது என்பார். கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்தி அடக்கி அடக்கி இருமுவார். இருமல் மருந்து மூன்று பாட்டில் காலியானது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருந்தது. அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, இருமல் போகவில்லை.

மூன்றாவது மாதம் வேறொரு டாக்டரிடம் போனோம். அம்மா சொல்லத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே, “பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?” என்று கேட்டார். அட்டையை எடுத்துக் கொடுத்தோம். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், வெள்ளி நிறத் தாளில், பொடி எழுத்தில் ராமிப்ரில் என்று அச்சாகியிருந்தது. “இதை மாத்தித் தர்றேன். இருமல் இன்னிக்கே நிக்காது. சில வாரம் பொறுத்துக்கோங்க” என்றார். புது அட்டையில் டெல்மிசார்ட்டன் என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து அம்மா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினார்.

வீட்டில் அடுத்த கேள்வி சித்தியிடமிருந்து வந்தது. “இத்தனை நாள் நல்லா கேட்டுக்கிட்டிருந்த மாத்திரையாச்சே. மாத்தினா பிரஷர் ஏறிடாதா? புதுசு பவர் கம்மியா, ஜாஸ்தியா?”

நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பவர் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு மாத்திரைகளும் உடம்பில் ஓடும் ஒரே சங்கிலியைத்தான் தடுக்கின்றன. தடுக்கும் இடம் மட்டும் ஒரு கண்ணி தள்ளிப் போகிறது. இருமல் வருவதும் வராமல் இருப்பதும் அந்த ஒரு கண்ணி வித்தியாசத்தால்தான். அது எப்படி என்று புரிந்துவிட்டால், இந்த மாத்திரைகளைப் பற்றி டாக்டர் சொல்லும் மற்ற எச்சரிக்கைகளும் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் உங்கள் மாத்திரை எந்தக் குடும்பம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதைவிட்டுவிடுங்கள். சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கும். எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடிந்தால் அது ஏ.சி.இ. தடுப்பான் என்ற குடும்பம். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஓல்மிசார்ட்டன், வால்சார்ட்டன், கேண்டசார்ட்டன் என்று ‘சார்ட்டன்’ வந்தால் அது ஏ.ஆர்.பி. என்ற குடும்பம். இந்தக் கட்டுரையில் ப்ரில், சார்ட்டன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அம்லோடிபின், குளோர்தாலிடோன் போன்றவை வேறு குடும்பங்கள். அவை வேறு வழியில் வேலை செய்கின்றன.

சிறுநீரகம் எழுதும் கடிதம்

சிறுநீரகம் என்றால் கழிவை வெளியேற்றும் உறுப்பு என்றுதான் பள்ளியில் படித்தோம். அது இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் காவலாளியும்கூட. தனக்கு வந்து சேரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்தால், “எங்கோ இரத்தம் போகிறது, அல்லது உடம்பில் நீர் வற்றுகிறது” என்று அது எடுத்துக்கொள்ளும். உடனே உடம்பு முழுவதற்கும் ஓர் அவசரக் கடிதம் அனுப்பும்.

அந்தக் கடிதம் தயாராகும் விதம் சுவாரசியமானது. ஈரல் எப்போதும் ஒரு நீளமான புரதத்தைச் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதை வெற்றுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. ரெனின் அந்தத் தாளிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுக்கிறது. பத்து அமினோ அமிலங்கள் கோத்த அந்தத் துண்டின் பெயர் ஆஞ்சியோடென்சின் 1. இது வெறும் வரைவுதான். இதற்குப் பெரிய சக்தி எதுவும் இல்லை.

இந்த வரைவு இரத்தத்தோடு சுற்றி வரும்போது நுரையீரலைக் கடக்கிறது. அங்கே இரத்தக் குழாய்களின் உட்சுவரில், கையில் கத்தரிக்கோலோடு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ஏ.சி.இ. என்ற நொதி. மற்ற இடங்களிலும் இந்த நொதி உண்டு, நுரையீரலில் ஏராளம். அவர் வரைவின் ஓரத்திலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடுவார். மீதி எட்டு. அவ்வளவு சின்ன வெட்டுதான். ஆனால் அந்த வெட்டு விழுந்ததும் கடிதத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. அதன் பெயர் இப்போது ஆஞ்சியோடென்சின் 2. இரத்தக் குழாய்களை இறுக்குவதில் உடம்பிலேயே மிகவும் வலுவான பொருள்களில் இது ஒன்று.

கடிதம் போய்ச் சேர ஒரு தபால் பெட்டி வேண்டுமல்லவா? இரத்தக் குழாய்ச் சுவர்களிலும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும், வேறு பல இடங்களிலும் அந்தப் பெட்டிகள் இருக்கின்றன. ஏ.டி.1 ஏற்பி என்பார்கள். பெட்டியில் கடிதம் விழுந்ததும் குழாய்கள் இறுகுகின்றன. அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை விடுகிறது. அது சிறுநீரகத்திடம் “உப்பை வெளியே விடாதே” என்கிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும். தாகமும் எடுக்கும். குழாய் குறுகி, உள்ளே இருக்கும் திரவம் கூடினால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்?

காயம்பட்டு இரத்தம் கொட்டும்போது உயிரைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஏற்பாடுதான். இது கெட்டது அல்ல. அழுத்தம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும்போதும் இந்தக் கடிதப் போக்குவரத்து ஓயாமல் நடந்தால்தான் சிக்கல். ஆண்டுக்கணக்கில் அப்படி நடந்தால் இரத்தக் குழாய் தடிக்கிறது, இதயத்தின் சுவர் பருக்கிறது, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாகின்றன. பிரஷர் இருக்கும் எல்லோருக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வழியை அடைத்தால் பெரும்பாலானோருக்கு அழுத்தம் இறங்குகிறது.

எப்படி அடைப்பது? இரண்டு வழி. குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், கடிதமே தயாராகாது. அதைத்தான் ப்ரில் செய்கிறது. அல்லது கடிதம் எழுதப்படட்டும் என்று விட்டுவிட்டு, தபால் பெட்டியின் வாயை அடைத்துவிடலாம்; கடிதம் வந்தாலும் உள்ளே விழாது. இது சார்ட்டனின் வேலை.

ஒரு விரியன் பாம்பு காட்டிய வழி

சிறுநீரகத்துக்குள் அழுத்தத்தை ஏற்றும் பொருள் ஒன்று இருக்கிறது என்று முதலில் கண்டவர்கள் ஸ்வீடனில் ராபர்ட் டைகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் என்ற இருவர். 1898-இல் முயலின் சிறுநீரகச் சாற்றை மற்ற முயல்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அவற்றின் இரத்த அழுத்தம் ஏறியது. ரெனின் என்ற பெயர் அப்போது வைத்ததுதான். அதன்பின் பல பத்தாண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1940-ஐ ஒட்டி அர்ஜென்டினாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியாக, ஒரே சமயத்தில், ஆஞ்சியோடென்சினைக் கண்டுபிடித்தன. ஒருவர் ஹைபர்டென்சின் என்றார், இன்னொருவர் ஆஞ்சியோடோனின் என்றார். பெயர்ச் சண்டை 1958 வரை நீண்டு, இரண்டு பெயரிலும் பாதிப் பாதி எடுத்து ஒட்டி ஆஞ்சியோடென்சின் என்று முடிந்தது.

மருந்துக்கான வழி கிடைத்தது பிரேசிலில். அங்கே ஜராராகா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சடாரென்று விழும். ஏன் என்று தேடிப்போன மௌரிசியோ ரோஷா இ சில்வா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1940-களின் கடைசியில் பிராடிகினின் என்ற பொருளைக் கண்டார்கள். இரத்தக் குழாய்களை விரிக்கும் பொருள் அது. பாம்புக்குச் சொந்தமானது அல்ல, நம் உடம்பிலேயே உண்டாவது. இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருமல் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

ரோஷா இ சில்வாவின் ஆய்வகத்தில் இருந்த செர்ஜியோ ஃபெரைரா, அந்தப் பாம்பின் விஷத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அது பிராடிகினினை அழிய விடாமல் காக்கிறது என்று 1965-இல் எழுதினார். பிறகு அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கேதான் தெரிந்தது, பிராடிகினினைக் காக்கும் அதே பொருள் ஏ.சி.இ. நொதியையும் முடக்குகிறது என்று. ஜான் வேன் பின்னாளில் வேறொரு கண்டுபிடிப்புக்காக 1982-இல் நோபல் பரிசு வாங்கினார்.

விஷத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளை ஊசியாகத்தான் போட முடியும். விழுங்கினால் வயிற்றில் செரித்துப்போகும். தினமும் காலையில் ஊசி போட்டுக்கொள் என்று பிரஷர்காரர்களிடம் சொல்ல முடியுமா? ஸ்க்விப் என்ற மருந்து நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒண்டெட்டியும் ஏ.சி.இ. நொதியின் வடிவத்தை ஊகித்து, அதன் வாயில் போய்ச் சரியாக உட்காரும் சின்ன மூலக்கூறு ஒன்றை வரைந்து செய்தார்கள். அதுதான் கேப்டோப்ரில். 1975-இல் உருவானது, 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இலக்கின் வடிவத்தை மனத்தில் வைத்து மருந்தை வடிவமைக்கும் முறைக்கு இன்றும் அதை முன்னுதாரணமாகச் சொல்கிறார்கள். முதல் சார்ட்டனான லோசார்ட்டன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995-இல்.

ஒரே குமாஸ்தாவுக்கு இரண்டு வேலை

இப்போது இருமலுக்கு வருகிறேன். ஃபெரைரா கண்டதை மறுபடி யோசித்துப் பாருங்கள். ஏ.சி.இ.யை முடக்கினால் பிராடிகினின் அழியாமல் தங்குகிறது. ஏன்? பிராடிகினினை வெட்டிப் போடுவதும் அதே குமாஸ்தாதான். அதே நாற்காலி, அதே கத்தரிக்கோல். ஒரு தாளை வெட்டினால் அது உயிர் பெறுகிறது; இன்னொரு தாளை வெட்டினால் அது செத்துவிடுகிறது.

ப்ரில் மாத்திரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டதும் இரண்டு வேலையும் நிற்கின்றன. ஆஞ்சியோடென்சின் 2 தயாராவது நின்றால் நமக்கு நல்லது. ஆனால் வெட்டிப் போட வேண்டிய பிராடிகினின் மேஜைமேல் குவிய ஆரம்பிக்கிறது. குமாஸ்தாக்கள் அதிகம் இருக்கும் இடம் நுரையீரல் என்று சொன்னேன் அல்லவா? குவிவதும் அங்கேதான். மூச்சுப்பாதையின் நரம்பு நுனிகளை அது சீண்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் சளியே இல்லாத அந்த வறட்டு இருமல். ஏ.சி.இ. வெட்ட வேண்டிய வேறு சில பொருள்களும் கூடவே சேர்ந்து சீண்டுகின்றன என்றும் கருதுகிறார்கள்.

சார்ட்டன் குமாஸ்தாவைத் தொடுவதே இல்லை. அவர் பாட்டுக்குப் பிராடிகினினை வெட்டிப் போட்டுக்கொண்டிருப்பார். ஆகவே இருமல் வருவதற்கு வழியில்லை. வந்தாலும் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவருக்கு வரும் அளவுதான் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையைத்தான் சர்க்கரை மாத்திரை என்கிறேன்.

ப்ரில் சாப்பிடும் நூறு பேரில் ஐந்து முதல் இருபது பேருக்கு இந்த இருமல் வரலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழக்காசிய மக்களுக்கு இன்னும் அதிகம். மாத்திரையின் அளவைக் குறைத்தால் இருமல் குறையும் என்று நம்ப முடியாது, 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். தொடங்கிய முதல் வாரத்திலேயே வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம். இந்தத் தாமதம்தான் எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. நாலு மாதமாக ஒத்துக்கொண்ட மாத்திரைமேல் யாருக்குச் சந்தேகம் வரும்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் மூன்று மாதம் போனது. அந்த ஒரு கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருக்கலாம், அல்லது எங்களுக்கே தோன்றியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களில் இருமல் அடங்கிவிடும். சிலருக்கு இன்னும் நாளாகும்.

இருமல் தொல்லைதான், ஆபத்து இல்லை. அதே பிராடிகினின் அரிதாக ஓர் ஆபத்தையும் கொண்டுவரும். உதடு, நாக்கு, முகம், தொண்டை திடீரென்று வீங்கும். ஆயிரத்தில் ஒரு சிலருக்குத்தான் இது நேர்கிறது. கறுப்பின மக்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். முதல் மாத்திரையிலும் வரலாம், பல வருடம் சாப்பிட்ட பிறகும் வரலாம். நாக்கு தடிப்பது போல, குரல் மாறுவது போல, விழுங்க முடியாதது போல இருந்தால் அலர்ஜி மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காரக் கூடாது. இந்த வகை வீக்கத்துக்கு அது பெரும்பாலும் கேட்காது. உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவர்களுக்கு ஆயுளுக்கும் ப்ரில் கூடாது. சார்ட்டன் கொடுக்கலாமா என்பதை டாக்டர் யோசித்து, கண்காணித்து முடிவு செய்வார். சார்ட்டனில் இந்த வீக்கம் மிக அரிது, ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, எது வலுவானது?

சித்தியின் கேள்விக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்லலாம். சார்ட்டன்கள் வந்த புதிதில், இவை ப்ரில்லைவிட மேல் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. காரணமும் இருந்தது. ஆஞ்சியோடென்சின் 2 தயாரிக்க ஏ.சி.இ. தவிர வேறு கத்தரிக்கோல்களும் உடம்பில் உண்டு. கைமேஸ் என்பது ஒன்று. குமாஸ்தாவைக் கட்டிப்போட்டாலும் பின்வாசல் வழியாகக் கொஞ்சம் கடிதம் போய்விடும். பெட்டியையே அடைத்துவிட்டால் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு நம் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டது இல்லை. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சோதித்தார்கள். ஆன்டார்கெட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. இதய நோயோ, பாதிப்போடு கூடிய சர்க்கரை நோயோ இருந்த 25,620 பேர். ஒரு பிரிவுக்கு ராமிப்ரில், ஒரு பிரிவுக்கு டெல்மிசார்ட்டன், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. நாலரை ஆண்டுக்கு மேல் கவனித்தார்கள். இதயம், இரத்தக் குழாய் சார்ந்த மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக (இதயம் பலவீனமாகிப் போதிய இரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) ஆஸ்பத்திரியில் சேர்வது என இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ராமிப்ரில் பிரிவில் 16.5 சதவீதம், டெல்மிசார்ட்டன் பிரிவில் 16.7 சதவீதம். இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. இருமலால் மருந்தை நிறுத்தியவர்கள் மட்டும் ராமிப்ரில்லில் 4.2 சதவீதம், டெல்மிசார்ட்டனில் 1.1 சதவீதம். இத்தனைக்கும் ப்ரில் ஒத்துக்கொள்ளாதவர்களை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் ஆய்வைத் தொடங்கினார்கள்.

அழுத்தத்தை இறக்குவதிலும் அப்படித்தான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ப்ரில் ஆகட்டும் சார்ட்டன் ஆகட்டும், தனியாகக் கொடுத்தால் சராசரியாக மேல் எண்ணில் 8, கீழ் எண்ணில் 5 என்ற அளவில்தான் இறக்கின. 160 இருப்பவருக்கு இந்த ஒரு மாத்திரையே 120-க்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அதனால்தான் பலருக்கு அம்லோடிபினோ, நீர் பிரியும் மாத்திரையோ சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டாவது மாத்திரை சேர்ந்தால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். வேறு வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்து கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பது, ஒன்றையே ஏற்றிக்கொண்டே போவதைவிடப் பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும்.

மில்லிகிராமை வைத்து பவரை ஒப்பிடுவது இன்னொரு குழப்பம். அம்மாவுக்கு 5 மில்லிகிராம் ராமிப்ரில் போய் 40 மில்லிகிராம் டெல்மிசார்ட்டன் வந்ததும் சித்தி அரண்டுபோனார். எட்டு மடங்கா! இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் அதன் அளவு வேறு. ராமிப்ரில்லுக்குப் பொதுவாக 10 உயர்ந்த அளவு, டெல்மிசார்ட்டனுக்கு 80, லோசார்ட்டனுக்கு 100. எண்ணைத் தனியாக எடுத்து ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

அப்படியானால் ஏன் இரண்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன? ப்ரில் மூத்தது, அதன் பின்னால் நிற்கும் சான்றுகள் அதிகம். கடும் இதயச் செயலிழப்பில் எனலாப்ரில் உயிர் காக்கிறது என்று 1987-லேயே காட்டினார்கள். இதய ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ராமிப்ரில் கொடுத்தால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு குறைகிறது என்று 2000-இல் வந்த ஹோப் ஆய்வு காட்டியது. ஆகவே மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர் என்றால் சில டாக்டர்கள் முதலில் ப்ரில்லைத்தான் எடுப்பார்கள். வெறும் பிரஷர் மட்டும் என்றால், தொந்தரவு குறைவு என்பதால் சார்ட்டனிலேயே தொடங்குபவர்கள் இன்று நிறைய. என் கருத்தைக் கேட்டால், பல வருடம் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை ஒத்துக்கொள்வதும் அதன் பவரில் ஒரு பகுதிதான். இருமி இருமி மனம் வெறுத்து ஒருவர் நிறுத்திவிட்ட மாத்திரை எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்? அதேசமயம் ப்ரில்லில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர், பிரஷரும் கட்டுக்குள் இருப்பவர், இதைப் படித்துவிட்டு மாற்றிக் கேட்க எந்தக் காரணமும் இல்லை.

சார்ட்டன்களுக்குள்ளும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. டெல்மிசார்ட்டன் உடம்பில் நெடுநேரம் தங்கும். தினம் ஒரு தடவை போட்டாலே அடுத்த நாள் காலைவரை தாங்கும். லோசார்ட்டன் யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும். யூரிக் அமிலம் கூடுவதால் வரும் கீல்வாதத் தொல்லை (கவுட்) உள்ளவர்களுக்கு அது வசதி.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்ற யோசனையும் ஒரு காலத்தில் இருந்தது. குமாஸ்தாவையும் பிடி, பெட்டியையும் அடை. ஆன்டார்கெட் ஆய்வின் மூன்றாவது பிரிவு அதற்குத்தான். பலன் கூடவில்லை, மயக்கம், தாழ் அழுத்தம், சிறுநீரகக் கோளாறு மட்டும் கூடின. அதனால் இரண்டையும் சேர்ப்பதை இப்போது கைவிட்டுவிட்டார்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு டாக்டர்களிடம் காட்டுபவர்களுக்கு, ஒருவர் எழுதிய ப்ரில்லும் இன்னொருவர் எழுதிய சார்ட்டனும் ஒரே டப்பாவில் வந்து சேர்ந்துவிடலாம். கம்பெனிப் பெயர்கள் வேறாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாக்யூபிட்ரில்–வால்சார்ட்டன் கூட்டு மாத்திரையையும் ப்ரில்லோடு சேர்க்கக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது 36 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். முகம் வீங்கும் என்று சொன்னேனே, அந்த ஆபத்துதான் காரணம்.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கைகள்

இருமலையும் வீக்கத்தையும் தள்ளிவிட்டால், மற்ற பக்கவிளைவுகள் இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றுதான். கடிதம் போய்ச் சேரவில்லை என்ற விளைவு இரண்டிலும் ஒன்றுதானே?

ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்து வைக்கும்போது பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அது குறைந்தால் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. சிறுநீரகம் பலவீனமானவர்களும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற, பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் நீர் பிரியும் மாத்திரையைச் சாப்பிடுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் இருக்கும். பிரஷருக்கு நல்லது என்று அதை வாங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கிரியேட்டினின். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு இது, பேச்சுவழக்கில் ‘உப்பு’ என்பார்கள். மாத்திரை தொடங்கிய பிறகு இது கொஞ்சம் ஏறலாம். “கிட்னியைக் காப்பாற்றும் மாத்திரை என்றார்கள், உப்பு ஏறியிருக்கிறதே!” என்று பதறி நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நடப்பது இதுதான். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒரு நுண்குழாய். ஆஞ்சியோடென்சின் 2 முக்கியமாக வெளியே போகும் குழாயை நெரிக்கும். அதனால் வடிகட்டிக்குள் அழுத்தம் கூடி அது மெல்ல மெல்லப் பழுதாகும், புரதம் சிறுநீரில் கசியும். மாத்திரை அந்த நெரிப்பைத் தளர்த்துகிறது. உள்ளழுத்தம் குறைந்ததும் வடிகட்டும் வேகமும் சற்றுக் குறைகிறது. அதுதான் கிரியேட்டினின் எண்ணில் தெரிகிறது. வடிகட்டிக்கு ஓய்வு கிடைத்ததன் அடையாளம் அது. சர்க்கரை நோயால் புரதம் கசிபவர்களுக்கு ப்ரில் அல்லது சார்ட்டன் கொடுப்பது இதனால்தான். முன்பிருந்ததைவிட 30 சதவீதம்வரை ஏறினால் பொதுவாக மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். அதற்குமேல் ஏறினால் காரணம் தேட வேண்டும். இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் தமனிகள் சுருங்கியிருந்தால் இப்படி நேரும். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவது கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்கத்தான். அதைத் தவறவிட வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றும் நாட்களில்தான் உடம்புக்கு அந்த அவசரக் கடிதம் உண்மையிலேயே தேவைப்படும். நாமோ அதை அடைத்து வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாளில் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், மூட்டு வலிக்கு என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம்.

கர்ப்பம் என்றால் இரண்டுமே கூடாது. வயிற்றில் வளரும் குழந்தையின் சிறுநீரகம் உருவாகவும் வேலை செய்யவும் அந்தக் கடிதம் வேண்டும்; தடுத்தால் பனிக்குட நீர் வற்றும், குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிட்டால் லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு மாற்றித் தருவார்கள். நாள் தள்ளிப்போனதாகத் தெரிந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றைக்கே கேட்க வேண்டும்.

முதல் சில நாட்கள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். மெதுவாக எழுந்தால் போதும். முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நாலாம் நாள் அளந்துபார்த்து “இறங்கவே இல்லை” என்று முடிவுகட்ட வேண்டாம். இருமல் வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு இருக்காதீர்கள். இருமல் நின்றுவிடும், பிரஷர் ஏறும், ஏறுவது வெளியே தெரியாது. டாக்டரிடம் போய் “இது ப்ரில்லால் வந்த இருமலா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி போதும். அது வேறு காரணத்தால் வந்த இருமலாகவும் இருக்கலாம் என்பதால் அவர் பரிசோதித்துத்தான் சொல்வார்.

மாத்திரை மாற்றி இரண்டாவது வாரம் அம்மாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் சரியாக இருந்தது, கிரியேட்டினின் துளி ஏறியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தன்னுடைய மருத்துவ ஃபைலைத் திறந்து, முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால், யாரிடம் காட்டினாலும் கண்ணில் படும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்: “ராமிப்ரில் – இருமல். ப்ரில் என்று முடியும் மாத்திரை எதுவும் வேண்டாம்.” கீழே தேதியும் போட்டிருக்கிறார்.